டூகி, அதைச் சுடாதே

1989 மார்ச் 11, சனி

காலையில் பேருந்தைக் கழுவினேன். கடைசி இருக்கையின் இடுக்கில் எந்தப் பிள்ளையோ ஆரஞ்சுத் தோலைத் திணித்து வைத்திருந்தது. ஒரு வாரமாக நாறியது அதுதான். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு மூக்கே இருக்கக் கூடாது.

டூகி இந்த வருஷம் மான் வேட்டைக்குத் தனியாகவே போகிறானாம். கூடப் போகிற மெர்வுக்கு முழங்கால் போய்விட்டது. மான் கத்தும் பருவம் முழுக்க மலைக்கு மேலே, அந்த ஏரிக் குடிலில், தனியாக. கடைக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. சொந்தத் தம்பி!

ஒன்றரை வருஷமாக அவனோடு பேசவில்லை. என் நாய் மெக் அவன் ஆட்டு மந்தைக்குள் புகுந்துவிட்டாள், சுட்டுவிட்டான். சட்டம் அவன் பக்கம். இங்கே எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், எனக்கு என்னவோ சட்டம் தெரியாத மாதிரி. ஒரு போன் செய்திருக்கலாம் அல்லவா? சாக்கில் சுற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

போகட்டும். ஐம்பத்தாறு வயதில் எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டு இருப்பது? மத்தியானம் கொட்டகையில் தோட்டா போடும் மேசையைத் துடைத்தேன். அளவுக் குப்பியில் மிச்ச வெடிமருந்து இருந்தது. டப்பாவில் திருப்பிக் கொட்டிக் குலுக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அவன் ரைஃபிளில் வெடித்த பழைய பித்தளைக் கூடுகளை எறியாமல் வைத்திருந்தேன். சண்டை போட்டாலும் கூட்டை எறிவேனா? இருவருடையதும் போர்க்காலத்து ரைஃபிள்கள்தான், ஆனால் அவனுடையதில் தோட்டா உட்காரும் அறை கொஞ்சம் தளர்வு. அதில் வெடித்து விரிந்த கூடு அதற்கு மட்டும்தான் கச்சிதம். கூட்டின் கழுத்தை மட்டும் இறுக்கி, அடியில் தீப்பொறி தரும் கேப்பை மாற்றி, மருந்து போட்டு, குண்டு வைத்து ஒரு பெட்டி நிறைய முடித்தேன். அதே கையோடு துப்பாக்கி கிளப்பின் ஈஸ்டர் போட்டிக்காக எனக்கும் கொஞ்சம்.

முதுகு வலிக்கிறது. மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 15, புதன்

கொடுத்தாயிற்று. சந்தை வாசலில் அவன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன இது?"

"பாத்தா தெரியல? தோட்டா. ஒன் ரைஃபிளுக்கு."

"எனக்கா?"

"இல்ல, இங்கிலாந்து ராணிக்கு."

பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினான். அதன்மேல் நான் எழுதி ஒட்டியிருந்த அவன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிக்கா" என்றான். அவ்வளவுதான். ஆனால் அக்கா என்றான்.

மார்ச் 25, சனி

விடியும்போது டூகி ஹெலிகாப்டர் மைதானத்துக்குப் போகிற வழியில் என் வீட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடித்தான். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷோடு ஜன்னலுக்கு ஓடினேன், வண்டியின் பின்விளக்குதான் தெரிந்தது.

மார்ச் 26, ஞாயிறு

கண் இரண்டும் இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கிளப்பில் ஈஸ்டர் போட்டி. மூன்று தோட்டா சுட்டேன். மூன்றாவதில் அறையை மூடும் போல்ட் இறுகியது, உள்ளங்கையால் தட்டித் திறந்தேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். புதுசாகச் சேர்ந்த யாராவது அப்படித் தட்டித் திறந்திருந்தால் நானே கத்தி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் நான் ரேவின் ஆயிற்றே, என் கையால் போட்ட தோட்டா ஆயிற்றே! நாலாவதைப் போட்டேன்.

சத்தம் வேறு மாதிரி. முகத்தில் அடுப்புக் கதவைத் திறந்தாற்போல் அனல். தோட்டா அடுக்கும் மேகசின் கீழே பிய்ந்து விழுந்தது, ரைஃபிளின் மரக்கட்டை நீளவாக்கில் பிளந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தப்பினேன். கன்னம் வெந்திருக்கிறது, ஒரு புருவம் இல்லை, இடது காதில் இன்னும் விசில் ஊதுகிறது.

கிளப் தலைவர் மர்டோ போல்ட்டை மரச் சுத்தியலால் அடித்துத்தான் திறக்க முடிந்தது. கூட்டின் அடிப்பாகம் உருகி அப்பியிருந்தது.

"என்னத்த போட்ட ரேவின் இதுல?"

"எப்பவும் போடறதுதான்."

"இது எப்பவும் போடறது இல்லம்மா. நல்லா யோசி."

வீட்டுக்கு வந்து டப்பாவிலிருந்து மருந்தை வெள்ளைத் தட்டில் கொட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே மாதிரிக் குச்சிகள். ஆனால் நீளத்தில் இரண்டு வகை. அரிசியில் நொய் கலந்தாற்போல.

குட்டைக் குச்சி முயல் ரைஃபிளுக்கு உள்ளது. படபடவென்று எரிகிற மருந்து. ஜனவரியில் அதற்குத்தான் தோட்டா போட்டேன். பாதியில் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டது என்று போன் வந்தது, குப்பியில் மருந்தோடு அப்படியே விட்டுவிட்டுப் போனேன். மேலே ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்து, பெரிய ரைஃபிள் மருந்துதான் என்று நினைத்து அந்த டப்பாவிலேயே கொட்டிக் குலுக்கி — நானே — என் கையாலேயே —

வேலை முடிந்ததும் குப்பியைக் காலி பண்ணு. குப்பியில் கிடக்கிற மருந்தை நம்பாதே, தோட்டத்தில் கொட்டு. கிளப்பில் புதுசாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் வாய் வலிக்கச் சொல்கிறவள் நான்.

எந்தத் தோட்டாவில் எவ்வளவு நொய் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று ஒழுங்காக வெடிக்கும். அடுத்தது முகத்தைக் கொண்டுபோகும்.

டூகியின் பெட்டியும் இதே டப்பாதான். அவன் நேற்றே போய்விட்டான். அவனுக்குக் கண்ணாடி போடுகிற பழக்கம் கிடையாது.

மார்ச் 27, திங்கள்

வடமேற்குக் காற்று. மேகம் ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. மைதானத்துக்குப் போய் விமானி விரெமுவின் காலில் விழாத குறை.

"ஆன்ட்டி, ஒங்க தம்பிய எறக்கி விட்டதே நான்தான். எனக்கு மட்டும் பதறாதா? ஆனா இந்த மேகத்துக்குள்ள போனா மலை தள்ளி நின்னு வழி விடுமா?"

"நேத்து பறந்தியே!"

"நேத்து மேகம் இல்ல."

"நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? ஒனக்கு ஒரு ஹெலிகாப்டர் வேறயா?"

பேசக் கூடாததைப் பேசினேன். அவன் உள்ளே போய் இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்றும் டீயும் கொண்டுவந்து கொடுத்தான். அப்படியே வைத்துவிட்டேன்.

நடந்து போகலாம் என்று மர்டோவை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆற்றில் மரங்கள் வேரோடு மிதந்து போகின்றன. முதல் துறையிலேயே திரும்பிவிட்டோம்.

மார்ச் 28, செவ்வாய்

மலை ரேடியோதான் ஒரே வழி. டூகி கையில் ஒன்று இருக்கிறது. தினமும் சாயங்காலம் பெரில் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து வானிலை வாசிப்பாள், அப்புறம் ஒவ்வொரு குடிலாகக் கூப்பிடுவாள். நேற்றும் முந்தாநாளும் அவனுக்கான செய்தியை வாசித்தாள். பதில் இல்லை.

வாசித்த லட்சணத்தை நான் என் வீட்டு ரேடியோவில் கேட்டேன். "தோட்டாக்களில் சிறு கோளாறு இருக்கக்கூடும், கவனமாக இருக்கவும்." சிறு கோளாறாம்! எனக்கு மானம் போகக் கூடாது என்று மெழுகியிருக்கிறாள். டூகியை எனக்குத் தெரியாதா? சிறு கோளாறு என்றால் சிரித்துக்கொண்டே சுடுவான்.

இன்று அவள் வீட்டுக்கே போனேன்.

"மைக்க என்கிட்ட குடு பெரில்."

"ரேவின், தெற்குல இருக்கிற அத்தனை குடிலும் கேக்கும்டி. கிளப்புல பாதிப் பேர் மேலதான் இருக்காங்க. நாளைக்கு ஒன் மூஞ்சில முழிப்பாங்களா?"

"என் மூஞ்சிதான் பாதி வெந்து கெடக்கே. குடு."

பேசினேன். "டூகி, அக்கா பேசறேன். நான் குடுத்த பெட்டில இருந்து ஒண்ணுகூட சுடாத. மருந்து மாறிப்போச்சு. தப்பு என்னோடது. என் ரைஃபிள் வெடிச்சிருச்சு. அதைச் சுடாத டூகி. கேட்டா ஒரு வார்த்தை சொல்லு."

கரகரப்பு. அப்புறம் வேறு வேறு குடில்களிலிருந்து குரல்கள். "கேட்டோம் ரேவின்." "கேட்டோம்." ஒருத்தன், "நீயா? நீயா இப்படிப் பண்ண?" என்றான். அவன் குரலில் கேலி இல்லை, பயம் இருந்தது.

டூகியிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 29, புதன்

மழை. பேசினேன். பதில் இல்லை.

மார்ச் 30, வியாழன்

கடையில் ரொட்டி வாங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "நாய்க்குக் கணக்குத் தீத்தாச்சு போல." திரும்பிப் பார்த்தேன். மூன்று ஆண்கள் தூண்டில் கோல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் சொன்னது என்று தெரியவில்லை. மூவரையும் கேட்டேன், மூவரும் அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்கள். ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊரே அப்படித்தான் நினைக்கிறதா? டூகியும் அப்படித்தான் நினைப்பானா? ஒன்றரை வருஷம் முறைத்துக்கொண்டு இருந்தவள் திடீரென்று பெட்டி நிறையத் தோட்டா கொண்டுவந்து நீட்டினால்?

இல்லை. நான் மனசாரத்தான் போட்டேன். ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துப் போட்டேன்.

இருபது வருஷத்தில் வராத தப்பு இவனுக்குப் போடும்போது மட்டும் ஏன் வந்தது? ஏன்டி? ஏன் அன்னிக்கு மட்டும் குப்பிய பாக்கல? என் கை என்னைக் கேக்காமயே பண்ணிருச்சா? கடவுளே, நான் வேணும்னு பண்ணலையே. பண்ணலதானே?

மார்ச் 31, வெள்ளி

பெரில் என்னை உட்காரவைத்துவிட்டுத்தான் சொன்னாள். மேற்குப் பள்ளத்தாக்குக் குடில்காரர்கள் ரேடியோவில் சொன்னார்களாம். நேற்று மத்தியானம் மழை விட்டபோது டூகி இருக்கிற பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. அப்புறம் இன்றைக்குச் சாயங்காலம் வரை எதுவும் இல்லை.

"ஒண்ணு கேட்டா என்ன? ஒரே குண்டுல மான் விழுந்திருக்கும்" என்றாள்.

"சத்தம் எப்படி இருந்துச்சாம்?"

"சத்தம்னா சத்தம்தான் ரேவின்."

இல்லை. சத்தத்தில் இரண்டு வகை இருக்கிறது. எனக்குத் தெரியும். அவர்களை மறுபடி கூப்பிடச் சொல்லி நானே கேட்டேன். எதிரொலியாகத்தான் வந்தது, சொல்லத் தெரியவில்லை என்றார்கள்.

அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. கண்ணை மூடினால் அதுதான். கண் தெரியாமல் ஒருத்தன் குடிலுக்கு எப்படித் திரும்பிப் போவான்? கதவு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும் அவனுக்கு? அம்மா போகும்போது அவனுக்குப் பத்து வயது. சட்டைக்குப் பொத்தான் தைத்தது நான், சூப் வைத்துக் கொடுத்தது நான், துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்.

மெக்கைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவன் உயிரோடு இருந்தால் போதும். என்னைக் கொலைகாரி என்று சொல்லட்டும், நடுத்தெருவில் நின்று சொல்லட்டும். உயிரோடு இருந்து சொல்லட்டும்.

ஏப்ரல் 1, சனி

விரெமு காலையில் அவனாகவே வந்து கூப்பிட்டான். "ஏறுங்க ஆன்ட்டி, பாத்துரலாம்." கணவாய் வரை போனோம். வெள்ளைச் சுவர் மாதிரி மேகம். இடுக்கு தேடி முன்னும் பின்னும் சுற்றினான். அவன் கழுத்தெல்லாம் வேர்வை. கடைசியில், "முடியாது" என்றான். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன், எஞ்சின் சத்தத்தில் அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

திரும்பி வந்து மைதானத்தில் டூகியின் வண்டிமேல் சாய்ந்து நின்றேன். பூட்டிக் கிடக்கிறது. இந்த வாரம் முழுக்க இங்கே வந்து வந்து இதன்மேல்தான் சாய்ந்து நிற்கிறேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவன் பழைய தொப்பி தெரிகிறது. அதைப் பார்த்து அழுதேன், வெட்கங்கெட்டுப் போய்.

சாயங்காலம் மறுபடி ரேடியோ. என்ன பேசினேன் என்று நினைவில்லை. பெரில்தான் மைக்கைக் கையிலிருந்து வாங்கினாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. விடிந்ததும் பறந்தோம். டாக்டரும் கூட வந்தார், கால்மாட்டில் தூக்குப்படுக்கை.

ஏரி முனையைத் தாண்டித் திரும்பினோம். குடில். புகைபோக்கியில் புகை!

விரெமு என் தொடையில் ஓங்கி அடித்தான். "புகை ஆன்ட்டி! புகை!" எனக்குத் தெரியாதா புகை? ஆனால் குருடனும் அடுப்பு மூட்டலாமே என்று ஓடியது என் புத்தி.

கதவைத் திறந்துகொண்டு அவன் வெளியே வந்தான். முழு முகம். தாடியோடு, அழுக்கோடு, இரண்டு கண்ணோடு. வெளியே கட்டையில் ஒரு மான் தலை, பெரிய கொம்பு. தரையிறங்கியதும் காற்றாடி நிற்கிற வரைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை, குனிந்து ஓடினேன்.

"எங்கடா பெட்டி? எத்தனை சுட்ட? எடு அத, எடு!"

"அக்கா, பெட்டி இங்க இல்ல. வண்டில இருக்கு."

"எந்த வண்டில?"

"என் வண்டிலதான். சீட்டுக்கு அடியில. இங்க சுட்டது போற வழில கடைல வாங்கின தோட்டா."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு வாரமாக நான் சாய்ந்து சாய்ந்து நின்று அழுத வண்டி. அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. நிம்மதி வந்த வேகத்திலேயே இன்னொன்றும் வந்தது. இவன் நான் கொடுத்ததைத் தொடவே இல்லை. என்னை நம்பவில்லை.

"நல்லதாப் போச்சு. நான் ஒன்னக் கொல்லத்தான் பாக்கறேன்னு மொதல்லயே தெரிஞ்சுக்கிட்ட போல."

"லூசு மாதிரிப் பேசாதக்கா." அவன் வாய் கோணியது. சின்ன வயதில் அடி வாங்குவதற்கு முன்னால் இப்படித்தான் கோணும். "இந்த ரைஃபிள்தான்கா அன்னிக்கு மெக்கச் சுட்டது. அதுல நீ துடைச்சுத் துடைச்சு வச்ச தோட்டாவ எப்படிப் போடுவேன்? பெட்டிய எடுத்து எடுத்துப் பாத்தேன். மனசு வரல. ஒனக்கு போன் பண்ணக்கூட அன்னிக்கு எனக்கு தைரியம் இல்ல, தெரியுமா?"

நான் அவன் தோளில் குத்தினேன். இரண்டு கையாலும் குத்தினேன். அவன் நகரவில்லை.

"தெனமும் சாயங்காலம் கேட்டேன்" என்றான். "பேட்டரி எறங்கிப்போச்சு. கேக்க முடியுது, பேச முடியல. நீ அழறத ஊரே கேக்குது, நான் இங்க ஒக்காந்து பெட்டி வண்டில இருக்குக்கா, வண்டில இருக்குக்கான்னு அந்த எழவு ரேடியோகிட்ட கத்திக்கிட்டு இருந்தேன். சோறு தண்ணி எறங்கல எனக்கு."

டாக்டர் என் கன்னத்துக்கு மருந்து போட்டுவிட்டு, மான் இறைச்சியில் ஒரு தொடை வாங்கிக்கொண்டார். வந்ததற்கு ஒரு வேலையாவது இருந்ததே என்றார்.

ஏப்ரல் 9, ஞாயிறு

டூகி வந்தான். மேசையில் உட்கார்ந்து அந்தத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். குண்டைப் பிடுங்கி, மருந்தைத் தட்டில் கொட்டிப் பார்த்தோம். சிலதில் நொய் கொஞ்சம்தான். சிலதில் பாதிக்குப் பாதி. ஒன்றில் அநேகமாக எல்லாமே குட்டைக் குச்சி. அதைக் கொட்டியதும் அவன் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

மருந்து முழுவதையும், டப்பாவில் மிச்சம் இருந்ததையும் சேர்த்து, தோட்டத்தில் தூவிவிட்டேன். இனி தோட்டா போடுவதில்லை என்று சொன்னேன். அவன் காலிக் கூடுகளைப் பெட்டியில் அடுக்கினான்.

ஏப்ரல் 30, ஞாயிறு

கிளப்பில் எழுந்து நின்று நடந்ததை முழுக்கச் சொன்னேன், குப்பியில் ஆரம்பித்து. யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் குப்பியைக் காலி பண்ணிவிட்டதாக இன்று இரண்டு பேர் போன் செய்தார்கள்.

மே 20, சனி

போன வாரம் டூகி தன் ரைஃபிளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "ஒன்னோடதுதான் போச்சே. ரெண்டு பேருக்கும் இது ஒண்ணு போதும். போடு."

போட மாட்டேன் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். எழுந்து போகிற எண்ணமே இல்லை. கடைசியில் புது டப்பாவைத் திறந்தேன். மருந்தின் பேரை நான் சத்தமாக வாசித்தேன், அப்புறம் அவன் வாசித்தான். மேசையில் வேறு டப்பா இல்லை என்று இருவரும் பார்த்தோம். சீட்டெழுதிக் குப்பியில் ஒட்டினான். மருந்து போட்ட கூடுகளை டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தான். ஐந்துதான் போட்டேன். முடிந்ததும் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

இன்று கிளப்புக்குப் போனோம். முதலில் சுடுவது நான்தான் என்று சொல்லிவிட்டேன். படுத்தேன், கண்ணாடி போட்டேன். திரும்பிப் பார்த்தால் டூகி மற்றவர்கள் நிற்கிற கோட்டுக்குப் பின்னால் போகவில்லை. எனக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான், அவன் மூச்சு என் காதில் படுகிற தூரத்தில். அவன் முகத்திலும் ஒரு கண்ணாடி.

"டூகி, தள்ளிப் போடா" என்று மர்டோ கத்தினார்.

"காது கேக்கல" என்றான்.

"தள்ளிப் போ" என்றேன் நானும்.

"நீ சுடுக்கா."

சுட்டேன். எப்போதும் கேட்கிற சத்தம்தான். போல்ட்டை ஒரு விரலால் திறந்தேன், கூடு தானாக வெளியே வந்து புல்லில் விழுந்தது. டூகி அதை எடுத்து, சூடு ஆறும் வரை ஊதி, அடிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தான்.